ஒன்பதாம் கேள்வி

விடியப்புறம் ஐந்தே முக்காலுக்குச்
சீனன்குடா மில் வேன்
பாலையூற்றுச் சந்தியில் வந்து நிற்கும்.
பதினொரு பேர் காத்திருப்பார்கள்.
மேன்பவர்க்காரன் இறங்கமாட்டான்,
கண்ணாடியைப் பாதி இறக்கி
விரலால் எண்ணுவான்.
எட்டு.

மிஞ்சின மூன்று பேரோடுதான் என் ஆராய்ச்சி.

நாலு பிளேன்ரீ.
வினாக்கொத்தைக் கடை மேசையில் விரித்துச்
சீனிப் போத்தலை மேலே வைக்கிறேன், காற்றுக்கு.
வயது, படிப்பு, வீட்டில் எத்தனை வாய்,
எட்டுவரை தடையில்லாமல் ஓடும்.
ஒன்பதில் இடறும்:
அடுத்த மாதமும் இதே வேலையில் இருப்பீர்களா?
ஆம் என்றால் 1. இல்லை என்றால் 2.

றபாய்தீன் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார்.
"இண்டைக்கே தெரியேல்ல, பிள்ளை.
நீங்க மாசத்துக்குப் போறீங்க."

கிண்ணியாவில் நிஹாறா.
நிலாவெளி ஹோட்டலில் கட்டில் விரிப்பவள்.
வாடை திரும்பினால் பூட்டுவார்கள்,
திறக்கிற அன்றைக்குப் போன் வரும்.
குளிக்கப் போனாலும் அது கிணற்றுக்கட்டில் இருக்கும்,
ஈரம் படாமல் ஒரு பொலித்தீன் பைக்குள்.
ஒருமுறை அடித்தது கேட்கவில்லை.
அந்தச் சீசன் முழுக்க
வேறொருத்தி விரித்தாள்.
"என்னண்டு எழுதுறது, மிஸ்?" என்று கேட்டேன் நான்.
ஆம், நான்தான் அவளை மிஸ் என்றேன்,
வாய் தவறி.

கோணேசபுரியில் பத்து மணி வகுப்பு.
பலகையில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு நேர்கோடு:
எல்லாருக்கும் ஒரே அளவு கிடைத்திருந்தால்.
அதற்குக் கீழே தொய்ந்த இன்னொன்று:
கிடைத்தது.
இரண்டுக்கும் நடுவில் என்ன?
பரப்பளவு என்று பரீட்சையில் எழுதவேண்டும்.
"உப்புவெளிக் கரை மாதிரி," என்றாள் டிலக்சனா.
பின்வரிசையில் வினுஜன்,
இரவெல்லாம் சீமெந்துப் பை ஏற்றினவன்,
கவிழ்ந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:
"சாப்பிடாத வயிறு."
வகுப்பு சிரித்தது.
கோட்டை அழிக்க எனக்கு
இரண்டு தரம் துடைக்க வேண்டியிருந்தது.

இரவு, உவர்மலை வாடகை அறை.
கேற்றுக்கு வெளியே ஒரு மான்
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை மெல்லுகிறது.
இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களைக் கணினியில் ஏற்றி முடித்தேன்.
நூற்று எண்பத்தேழில்
ஒன்றுமில்லை, இரண்டுமில்லை,
ஓரத்தில் என் கையெழுத்து: தெரியாது.
அதற்குக் குறியீடு 99.

மென்பொருள் பணிவாகக் கேட்டது:
விடுபட்ட பதில்கள் 187, நீக்கவா?

நீக்கினால் இருபத்தைந்து பேர் மிஞ்சுவார்கள்.
அதில் இருபத்தொரு பேர் ஆம்.
திருகோணமலையில் எண்பத்துநாலு வீதமானோர்
வேலைப் பாதுகாப்புடன் வாழ்கிறார்கள் என்று
மாநாட்டில் ஒரு கட்டுரை வாசிக்கலாம்,
வண்ணப் படங்களோடு.

என் நியமனக் கடிதம் லாச்சிக்குள் கிடக்கிறது.
தற்காலிகம், மூன்று மாதம்,
அல்லது மறு அறிவித்தல் வரை.
ஒரு வெற்றுப் படிவத்தை எனக்கே நிரப்பிப் பார்த்தேன்.
ஒன்பதில் நானும் 99.
ஆனாலும்
நான் தெரியாது என்றால் வாடகை பிந்தும்.
றபாய்தீன் சொன்னால்
அன்றிரவே உலை ஏறாது.
இந்த வித்தியாசத்துக்குப்
பெட்டி எதுவும் போடாமல்
படிவத்தை அச்சடித்தவள் நான்தான்.

இல்லை என்பதை அழுத்தினேன்.
மான் போய்விட்டிருந்தது, சீற்றையும் காணவில்லை.

காலையில் மறுபடி சந்தி.
பதினொரு பேரில் வினுஜனும் நின்றான்,
என்னைக் கண்டு முகத்தைத் தெருவிளக்குப் பக்கம் திருப்பினான்.
கண்ணாடி இறங்கியது.
விரல் ஐந்து, ஆறு, ஏழு என்று வர
எண்ணப்பட வேண்டும் என்று வேண்டினேனா,
கூடாது என்றா?

எட்டாவதாக ஏறினான்.

பத்து மணிக்கு வரவுப் பதிவேட்டை விரித்தேன்.
அவன் பெயருக்கு நேரே
பேனா நின்றது.
வந்தால் 1. வராவிட்டால் 2.